சென்னை முதல் கன்னியாகுமரி வரை கடலோரமாகப் போய், உள்வழியாகத் திரும்பும் சிக்கனப் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குடும்பத்தோடு காரில் கடலோரமாகவே கன்னியாகுமரி வரை போய், நெல்லை, மதுரை, திருச்சி வழியாகத் திரும்பி வந்ததிலிருந்து போன் ஓயவில்லை. சொந்தக்காரர்கள், அலுவலக நண்பர்கள், அவர்களுடைய நண்பர்கள் என்று கேட்பவர் மாறுகிறாரே தவிர கேள்வி மாறுவதில்லை. அதனால் எல்லாவற்றையும் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே எழுதி வைக்கிறேன். ரூபாய்க் கணக்கெல்லாம் உத்தேசம்தான். கிளம்பும் முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

முதல்ல ரூட்டைச் சொல்லுங்க. எங்கே ஆரம்பிச்சு எங்கே முடியுது?

சென்னை, மாமல்லபுரம், புதுச்சேரி, சிதம்பரம், தரங்கம்பாடி, காரைக்கால், வேளாங்கண்ணி, வேதாரண்யம், மல்லிப்பட்டினம், தொண்டி, ராமநாதபுரம், ராமேஸ்வரம். அங்கிருந்து மறுபடி ராமநாதபுரம் வந்து கீழக்கரை, சாயல்குடி, தூத்துக்குடி, திருச்செந்தூர், உவரி, கன்னியாகுமரி. திரும்பும்போது நாகர்கோவில், திருநெல்வேலி, கோவில்பட்டி, மதுரை, புதுக்கோட்டை, திருச்சி, ஜெயங்கொண்டம், செஞ்சி, சென்னை. அங்கங்கே உள்ளே திரும்புவதையும் சேர்த்தால் 2000 கி.மீ. பக்கம் வரும்.

முதல்ல மதுரைப் பக்கம் போயிட்டு, கடல் வழியா திரும்பக் கூடாதா?

தாராளமாகப் போகலாம். ஆனால் தெற்கு நோக்கிப் போகும்போது கடல் இடப்பக்கம் இருக்கும். நாம் ஓட்டுவதும் சாலையின் இடப்பக்கம். கடற்கரைக்குத் திரும்ப வேண்டுமானால் எதிர்வரும் லாரிகளைத் தாண்டி வலது பக்கம் வெட்ட வேண்டியதில்லை, அப்படியே ஒதுங்கிவிடலாம். காலை வெயிலும் இடது ஜன்னலில் விழும், ஓட்டுபவருக்கு நிழல்.

ஒரு விஷயம். கிழக்குக் கடற்கரைச் சாலை என்ற பெயரை நம்பி வழியெல்லாம் கடல் தெரியும் என்று எதிர்பார்க்காதீர்கள். புதுச்சேரி தாண்டினால் பெரும்பாலும் வயல், தென்னை, உப்பளம், கருவேலங்காடுதான். கடல் வேண்டுமென்றால் ஏதாவது ஒரு மீனவர் ஊருக்குள் திரும்பித்தான் ஆக வேண்டும். எனக்கு அதுவே பிடித்திருந்தது.

எத்தனை நாள் லீவு போடணும்?

பன்னிரண்டு நாள் இருந்தால் நிம்மதி. ஒன்பது நாளில் முடிக்கலாம், ஆனால் பாதி நாள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே போகும். பத்து நாளுக்குக் கீழே என்றால் சுற்றைச் சுருக்குங்கள்: சென்னையிலிருந்து ராமேஸ்வரம் வரை கடலோரம், அங்கிருந்து மதுரை, திருச்சி, வீடு. தென்கோடியை அடுத்த லீவுக்கு வைத்துக்கொள்ளலாம். சராசரியாக ஒரு நாளைக்கு 170 கி.மீ.க்கு மேல் வேண்டாம் என்பது என் அளவுகோல். சில நாள் 60 கி.மீ. மட்டுமே ஓடும், அதுவும் நல்லதுதான்.

நாலு பேருக்கு மொத்தம் எவ்வளவு ஆகும்? உண்மையைச் சொல்லுங்க.

பெட்ரோல்: லிட்டருக்கு 18 கி.மீ. தரும் கார் என்றால் 2000 கி.மீ.க்கு 111 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் 11,000 சொச்சம். அறை: பதினோரு இரவு, இரவுக்கு 1,200 ரூபாய் என்றால் 13,200. சாப்பாடு: தலைக்கு ஒரு நாளைக்கு 350 என்றால் 16,800. டோலுக்கு 1,500, நுழைவுச்சீட்டு, படகு, பார்க்கிங் எல்லாம் சேர்த்து 3,000. ஆக 45,500. தலைக்கு 11,400 ரூபாய்க்குள்.

இதில் குறைக்கக்கூடியது அறையும் சாப்பாடும்தான். பெட்ரோலை யாராலும் பெரிதாகக் குறைக்க முடியாது. 80-ல் நிதானமாகப் போனால் கொஞ்சம் மிச்சமாகும். பலர் டோலைத் தவிர்க்க ஊர்ச்சாலைகளில் சுற்றுகிறார்கள். அதில் மிச்சமாகும் அறுபது ரூபாய் பெட்ரோலிலேயே போய்விடும்.

டோலுக்கு வருஷ பாஸ் வாங்கிடலாமா?

இந்த ஒரு பயணத்துக்காக மட்டும் வேண்டாம். சொந்தக் கார்களுக்கான அந்த ஃபாஸ்டேக் வருடப் பாஸ் 2025 ஆகஸ்ட் 15 அன்று அறிமுகமானபோது விலை 3,000 ரூபாய். ஒரு வருடம் அல்லது 200 முறை, எது முதலில் முடிகிறதோ அதுவரை செல்லும். தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளில் மட்டும்தான் செல்லும். சென்னையிலிருந்து மாமல்லபுரம் போகும் சாலை மாநிலத்தினுடையது, அங்கே வழக்கம்போல் பணம் பிடிக்கும். கடலோரப் பாதி முழுவதும் டோல் குறைவு, திரும்பும் பாதியில்தான் கொஞ்சம் வரும். மாதாமாதம் சொந்த ஊருக்குப் போகிறவர் என்றால் பாஸ் லாபம்தான், அது வேறு கணக்கு.

நாங்க ரெண்டே பேர்தான். பைக்ல போகலாமா, இல்ல பஸ்ஸா?

பைக் என்றால் தேசிய நெடுஞ்சாலையில் டோலே கிடையாது, பெட்ரோலும் மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் ஒரு நாளைக்கு 150 கி.மீ. போதும், பகல் பதினொன்றிலிருந்து மூன்று வரை ஓட்டாதீர்கள். கோயில்கள் மூடியிருக்கும் நேரமும் ஏறக்குறைய அதுதான், அதனால் நட்டமில்லை.

பஸ்ஸில் பெரிய ஊர்களுக்கு இடையே சுலபமாகப் போய்விடலாம். மனோரா, கழுகுமலை, தேரிக்காடு மாதிரி இடங்களில்தான் அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருந்தே பொழுது போகும்.

எந்த மாசம் நல்லது?

ஜனவரிக் கடைசியிலிருந்து பிப்ரவரி முடிய. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. புயல் வந்தால் முதலில் அடி வாங்குவது நாகை, கடலூர்ப் பக்கம்தான். நவம்பர் நடுவிலிருந்து பொங்கல் வரை ஐயப்ப பக்தர்கள் கூட்டம் ராமேஸ்வரத்திலும் கன்னியாகுமரியிலும் நிரம்பி வழியும், அறை வாடகையும் ஏறிவிடும். பிப்ரவரி என்றால் கோடியக்கரையில் வலசைப் பறவைகளும் இன்னும் இருக்கும்.

பள்ளி லீவு மே மாதம்தானே என்பார்கள். போகலாம், ஆனால் வெயிலோடு இன்னொன்றும் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். மீன் சாப்பிடுவதற்காகவே கடலோரம் போகிறவர்கள் அந்த இரண்டு மாதம் நாட்டுப்படகு மீனை நம்பித்தான் இருக்க வேண்டும், விலையும் சொல்லிமாளாது.

ரூம் எங்கே போடணும்? முன்னாடியே புக் பண்ணணுமா?

இந்தப் பயணம் முழுக்க நான் வைத்திருந்த ஒரே விதி: தெரிந்த ஊரில் தங்கு, தெரியாத ஊரில் சுற்று. சிதம்பரம், வேளாங்கண்ணி, ராமேஸ்வரம், திருச்செந்தூர், மதுரை எல்லாம் நம் வீடுகளில் எல்லோரும் ஒருமுறையாவது போன ஊர்கள். எந்தத் தெருவில் லாட்ஜ், எந்த மெஸ்ஸில் கூட்டம், எங்கே வண்டி நிறுத்தலாம் என்று யாருக்காவது தெரிந்திருக்கும். யாத்திரை ஊர் என்பதால் வாடகையும் அடக்கம். தேவஸ்தான விடுதி, வேளாங்கண்ணியில் திருத்தல விடுதி என்று மலிவான அறைகளும் உண்டு. தெரியாத ஊரில் இருட்டிய பிறகு அறை தேடுவதில்தான் பணமும் வீண், சண்டையும் வரும்.

முன்பதிவைவிடக் கிழமை முக்கியம். புதுச்சேரியில் சனி, ஞாயிறு தங்காதீர்கள், அதே அறை இரட்டை விலை சொல்வார்கள். ராமேஸ்வரத்துக்கு அமாவாசை வேண்டாம். திருச்செந்தூருக்குச் சஷ்டி, கிருத்திகை, விசேஷ நாட்கள் வேண்டாம். வேளாங்கண்ணிக்கு ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை திருவிழா. நாட்காட்டியை எடுத்து இந்த நாட்களை அடித்துவிட்டுப் பிறகு கிளம்பும் தேதியை முடிவு செய்தால், பாதி ஊர்களில் நேரில் போயே அறை எடுக்கலாம்.

ராமேஸ்வரம், கன்னியாகுமரி எல்லாம் சின்ன வயசுலயே பார்த்தாச்சே. திரும்பப் போய் என்ன பார்க்கிறது?

இதைத்தான் அதிகம் பேர் கேட்டார்கள். நீங்கள் பார்த்த ராமேஸ்வரம் இப்போது இல்லை. முன்பு தனுஷ்கோடிக்கு மணலில் குலுங்கும் வேனில்தான் போக முடியும். 2017-ல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறந்தார்கள்; இப்போது உங்கள் காரே நிலத்தின் நுனி வரை போகும், இரு பக்கமும் கடல். 1964 டிசம்பர் புயலில் அழிந்த தேவாலயமும் ரயில்நிலையமும் வழியிலேயே இடிந்து நிற்கின்றன. அந்தப் புயலுக்கு முன்னால், சென்னையிலிருந்து போட் மெயில் ரயிலில் வந்தவர்கள் இங்கே கப்பல் ஏறித் தலைமன்னார் போனார்கள். பெரியவர்கள் யாராவது வண்டியில் இருந்தால் அவர்களைப் பேசவிடுங்கள். மாலையானால் சோதனைச் சாவடியில் திருப்பி அனுப்பிவிடுவார்கள், காலையிலேயே போய்விடுங்கள்.

பாம்பனில் 1914-ல் திறந்த பழைய ரயில் பாலத்தின் பக்கத்திலேயே புதிய பாலம் வந்துவிட்டது, 2025 ஏப்ரலில் திறந்தார்கள். பழையது கதவு மாதிரி இரண்டாகப் பிளந்து கப்பலுக்கு வழி விட்டது. புதியதில் நடுப்பகுதி அப்படியே மேலே எழும்பும். இதெல்லாம் 1988-ல் திறந்த சாலைப் பாலத்திலிருந்து தெரியும், ஆனால் எல்லோரும் அங்கேயே வண்டியை நிறுத்தி நெரிசல் உண்டாக்குகிறார்கள். பாலம் ஏறும் முன்பே நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள். கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவே கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பர் கடைசியில் வந்தது. மதுரை பக்கம் கீழடி அருங்காட்சியகம் 2023-ல் திறந்தது. செஞ்சிக் கோட்டை 2025-ல் உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்ந்தது.

புதிதாக எதுவும் வராத ஊருக்கு வழி வேறு: போன முறை போகாத நேரத்தில் போங்கள். பள்ளிச் சுற்றுலாவில் மாமல்லபுரத்தை உச்சிவெயிலில் ஓடிப் பார்த்தவர்கள் காலையில் திறந்தவுடன் போய் நின்றால், அருச்சுனன் தபசில் தவம் செய்யும் பூனையையும் அதன் காலடி எலிகளையும் சாவகாசமாகப் பார்க்கலாம். அதற்குச் சீட்டுகூட வேண்டாம். கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதத்துக்கும் சேர்த்துத்தான் ஒரே சீட்டு, 40 ரூபாய், 15 வயதுக்குள் இலவசம்.

சரி, யாரும் போகாத புது இடம் நாலு சொல்லுங்க.

யாரும் போகாத இடம் என்று எதுவும் இல்லை. நம் வீட்டில் யாரும் போகாத இடம் என்றால் சொல்கிறேன்.

தரங்கம்பாடி. 1620-ல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை கடலைப் பார்த்து நிற்கிறது. 1706-ல் இங்கே வந்திறங்கிய பாதிரியார் சீகன்பால்க் தமிழ் படித்து, அச்சகம் வைத்து, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டார். 1845-ல் டேனிஷ்காரர்கள் ஊரையே ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். கோட்டைக்கு வடக்கே பாண்டியர் காலத்து மாசிலாமணிநாதர் கோயில், முன்பாதியைக் கடல் கொண்டுபோய்விட்டது.

கோடியக்கரை. வேதாரண்யத்திலிருந்து தெற்கே, வழியெல்லாம் உப்பளம். 1930-ல் ராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர்களோடு நடந்து வந்து உப்பெடுத்தது இங்கே அகஸ்தியம்பள்ளியில்தான், நினைவுத்தூண் இருக்கிறது. சரணாலயத்துக்குள் வெளிமான்கள் கூட்டமாக மேயும். பூநாரைகளைப் பார்க்க அதிகாலை போக வேண்டும், தொலைநோக்கி இல்லாவிட்டால் வெள்ளைப் புள்ளிகள்தான் தெரியும்.

மனோரா. மல்லிப்பட்டினத்துக்குப் பக்கத்தில் கடற்கரையில் ஓர் அறுகோணக் கோபுரம். நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதைக் கொண்டாடத் தஞ்சை சரபோஜி மன்னர் கட்டியது. ஐரோப்பாவில் நடந்த சண்டைக்குப் பட்டுக்கோட்டைப் பக்கம் ஏன் கோபுரம் என்று பிள்ளைகள் கேட்பார்கள், பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். மீமிசலில் உள்ளே திரும்பினால் ஆவுடையார்கோயில்; கல்லைக் கம்பியும் மரச்சட்டமும் போலச் செதுக்கிய கொடுங்கையை, அதாவது கூரையின் வளைந்த விளிம்பை, கழுத்து வலிக்கும்வரை பார்க்கலாம். மாணிக்கவாசகரோடு சேர்ந்த தலம்.

திருச்செந்தூருக்குத் தெற்கே தேரிக்காடு. செக்கச் சிவந்த மணல்மேடுகள், நடுவே பனையும் முந்திரியும். தேரிக்குடியிருப்பு கற்குவேல் அய்யனார் கோயில் வரை சாலை உண்டு. மணலில் காரை இறக்காதீர்கள். அங்கிருந்து மணப்பாடு பக்கம்தான்: மணற்குன்றின் மேல் திருச்சிலுவை ஆலயம், கீழே மீனவர் ஊர். 1542-ல் புனித சவேரியார் வந்த கரை. வழியில் உடன்குடியில் கருப்பட்டி வாங்காமல் வந்தால் வீட்டில் கேட்பார்கள்.

கழுகுமலை வெட்டுவான் கோயிலை மட்டும் எப்படியாவது பார்த்துவிடுங்கள். எட்டாம் நூற்றாண்டில் பாண்டியர் ஒரே பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்துகொண்டே வந்து, பாதியில் விட்டுவிட்டார்கள். விமானம் முழுதாக இருக்கிறது, கீழே முடியவில்லை. பக்கத்திலேயே சமணச் சிற்பங்கள் வரிசையாக. கோவில்பட்டியிலிருந்து 20 கி.மீ. தான்.

பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனோம், பூட்டியிருந்தது. லீவு எப்போன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

திங்கட்கிழமை போயிருப்பீர்கள். அரண்மனை இருப்பது கன்னியாகுமரி மாவட்டத்தில், நிர்வாகம் கேரள அரசிடம். 1956-ல் மாவட்டம் நம் பக்கம் வந்தபோதும் அரண்மனை மட்டும் அவர்களிடமே இருந்துவிட்டது. வார விடுமுறை ஒவ்வோர் இடத்துக்கும் ஒவ்வொரு நாள், முந்தின இரவே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். செஞ்சியில் ராஜகிரி மலைக்கு மதியத்துக்கு மேல் ஏற விடமாட்டார்கள், காலையில் போய்விட வேண்டும்.

கோயில்கள் பெரும்பாலும் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கு நடை சாத்தி நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். கங்கைகொண்ட சோழபுரமும் அப்படித்தான். அதனால் காலையில் கோயில், மதியம் பயணம், மாலையில் கடற்கரையோ இன்னொரு கோயிலோ என்று வைத்துக்கொண்டால் நேரம் வீணாகாது. மதுரை, திருச்செந்தூர்க் கோயில்களுக்குள் கைபேசி கொண்டுபோக முடியாது, காரிலேயே வைத்துவிட்டால் வரிசை ஒன்று மிச்சம்.

சாப்பாட்டுக்கு 350 ரூபாய் எப்படிப் போதும்?

நெடுஞ்சாலை ஓரத்துப் பெரிய ஹோட்டல்களில் போதாது. ஊருக்குள் போய் பஸ் ஸ்டாண்டு பக்கத்து மெஸ்ஸில் சாப்பிட்டால் போதும், மீன் குழம்போடு. தூத்துக்குடி, நெல்லை, மதுரை, திருச்சி மாதிரி மாநகராட்சி ஊர்களில் அம்மா உணவகம் உண்டு: இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து ரூபாய். பெரிய கோயில்களில் நண்பகல் அன்னதானம். ஒருவேளை இப்படி மிச்சம் பிடித்தால் இன்னொரு வேளை விருதுநகர் எண்ணெய் புரோட்டாவுக்கு ஆகும்.

சிதம்பரத்தில் கொத்சு, கீழக்கரையில் தொதல், தூத்துக்குடியில் மக்ரூன், நெல்லையில் அல்வா, கோவில்பட்டியில் கடலைமிட்டாய். இதற்கெல்லாம் தனிப் பை ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், 350-ல் இது சேராது. முத்துப்பேட்டைக்கும் தொண்டிக்கும் நடுவிலும் சாயல்குடிப் பக்கத்திலும் சாப்பாட்டுக் கடைகள் அரிது. காலையிலேயே எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டால் தொல்லையில்லை.

பாண்டியில பெட்ரோல் விலை குறைவுதானே? அப்புறம்... ரெண்டு பாட்டில் வாங்கிட்டு வரலாமா?

பெட்ரோல் லிட்டருக்குச் சில ரூபாய் குறைவு, டேங்கை நிரப்பிக்கொள்ளுங்கள். காரைக்காலும் புதுச்சேரியைச் சேர்ந்ததுதான், அங்கே மறுபடி ஒருமுறை நிரப்பலாம். பலருக்கு இது தோன்றுவதில்லை.

பாட்டில் வேண்டாம். அங்கிருந்து தமிழ்நாட்டுக்குள் கொண்டுவந்தால் மதுவிலக்குச் சட்டப்படி வழக்கு, வண்டியையும் பிடித்துவைப்பார்கள். இந்த வழியில் எல்லையை இரண்டு முறை கடக்கிறீர்கள், சோதனையும் இரண்டு முறை. மீதிப் பயணம் நீதிமன்ற வாசலில்தான்.

சொந்தக் கார் இல்லை. வேன் பேசிக்கலாமா?

எட்டுப் பேருக்கு மேல் என்றால் வேன்தான் லாபம். பேசும்போதே மூன்றைக் கேளுங்கள்: ஒரு நாளைக்குக் குறைந்தபட்சம் எத்தனை கி.மீ. கணக்கு, ஓட்டுநர் படி எவ்வளவு, புதுச்சேரி பெர்மிட் யார் தலையில். மஞ்சள் பலகை வண்டி புதுச்சேரி, காரைக்காலுக்குள் போகத் தனி பெர்மிட் எடுக்க வேண்டும். முதலில் பேசாவிட்டால் கடைசிப் பில்லில் வரும். நிதானமாகப் போகும் பயணத்துக்கு இந்தக் குறைந்தபட்சக் கணக்கு உதைக்கும்: 60 கி.மீ. ஓடிய நாளுக்கும் 250 கி.மீ.க்குப் பணம் வாங்குவார்கள். மொத்தப் பயணத்துக்கும் சேர்த்துச் சராசரி போடச் சொல்லிப் பேசிப் பாருங்கள்.

வழியெல்லாம் சொந்தக்காரங்க இருக்காங்க. அவங்க வீட்லயே தங்கிட்டா ரூம் காசு மிச்சம்தானே?

காசு மிச்சம், நாள் செலவு. இன்னும் ஒருநாள் இருந்துவிட்டுப் போங்கள் என்பார்கள், மறுக்க முடியாது. பழம், இனிப்பு, பிள்ளைகள் கையில் பணம் என்று கணக்குப் பார்த்தால் அறை வாடகைக்குப் பக்கத்தில் வந்துவிடும். மதியச் சாப்பாட்டுக்குப் போங்கள். சாயங்காலம் அடுத்த ஊரில் அறை போட்டாகிவிட்டது என்று போனிலேயே சொல்லிவிடுங்கள். அத்தைக்குக் கொஞ்சம் வருத்தம்தான், பரவாயில்லை. வயதானவர்கள் இருக்கும் வீட்டில் மட்டும் ஓர் இரவு தங்குங்கள். அதற்கு நாட்காட்டியில் முதலிலேயே இடம் விட்டுவையுங்கள்.

ராத்திரி ஓட்டினா பகல் மிச்சமாகுமே?

கடலோரப் பாதியில் வேண்டாம். மாடு, விளக்கில்லாத டிராக்டர், சாலையோரம் நடக்கும் ஆட்கள். மணல் லாரி வேறு. இருட்டுவதற்குள் அறைக்குப் போய்விடுங்கள். தேசிய நெடுஞ்சாலையில் வண்டி நின்றால் 1033, ஆம்புலன்ஸ் 108. கிளம்பும் முன் டயர், பிரேக், வைப்பர் மூன்றையும் பார்த்துவிடுங்கள். ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்றும்தான்.

பாதியில யாருக்காவது உடம்பு சரியில்லாம போச்சுன்னா? வீட்ல வயசானவங்களைக் கூட்டிட்டுப் போகப் பயமா இருக்கு.

மூன்று இடங்களில் சுலபமாகக் கழன்றுகொள்ளலாம். நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர் வழியாகத் திருச்சி நெடுஞ்சாலையைப் பிடிக்கலாம். ராமநாதபுரத்திலிருந்து சென்னைக்கு இரவு ரயில் உண்டு. தூத்துக்குடியிலிருந்து முத்துநகர் எக்ஸ்பிரஸ். பெரியவர்களை ஒருவரோடு ரயிலில் ஏற்றிவிட்டு மற்றவர்கள் காரில் தொடரலாம். இதையே திட்டமாகவும் வைத்துக்கொள்ளலாம்: தனுஷ்கோடி வரை அவர்கள் கூட வரட்டும், படியேறும் செஞ்சியும் கழுகுமலையும் அவர்கள் ஊர் திரும்பிய பிறகு. மருந்துச் சீட்டைப் படமெடுத்து இரண்டு பேர் கைபேசியில் வைத்திருங்கள். ரயில் டிக்கெட்டைக் கிளம்பும் முன்பே போட்டுவைத்தால், தேவைப்படாவிட்டால் ரத்து செய்யும் பிடித்தம் மட்டும்தான் போகும்.